ஈ-கட்ஹெரின் அன்டிபொடியோடு வேலை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கல வளர்ப்புப் பழக வரும் பிள்ளைகள் கூடிவருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் பழகிய காலத்தில் விட்ட அதே பிழைகளை அவர்களும் அதே வரிசையில் விடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கையுறை போடு, குழாயில் பெயர் எழுது என்பவற்றை விட்டுவிடுகிறேன்.

ஈ-கட்ஹெரின், மேலணிக் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம். எடை சுமார் 120 கிலோடால்ற்றன். கலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் சங்கிலிபோல் ஐந்து கண்ணிகள். கண்ணிகளுக்கு இடையில் கல்சியம் இருந்தால்தான் அது விறைத்து நிற்கும். கல்சியம் போனால் தளர்ந்துவிடும், தளர்ந்ததை நொதியம் வெட்டும். ஈ-கட்ஹெரினைத் தேடிப் பிடித்துக் காட்டப் போடுவதுதான் அன்டிபொடி, அதாவது பிறபொருளெதிரி.

திரிப்சின்-ஈ.டி.ரி.ஏ ஊற்றிக் கலத்தைக் கிளப்புவது

இதை நீட்டித்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

மூதூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எம்.சி.எவ்-7 கலங்களை வளர்த்தாள். மார்பகப் புற்றுநோயிலிருந்து பெறப்பட்ட கலங்கள். ஈ-கட்ஹெரின் தாராளமாக இருக்கும். வழக்கம்போல், திரிப்சின் என்ற நொதியமும் கல்சியத்தைப் பிடிக்கும் ஈ.டி.ரி.ஏயும் கலந்த கரைசலால் தட்டிலிருந்து கிளப்பி, எச்.ஈ.சி.டி-1 என்ற மொனோகுளோனல் அன்டிபொடியைப் போட்டு, ஐஸ் பெட்டியோடு இரவு ரயிலில் கொழும்புக்குப் போனாள். அங்கே, கலங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளிர்வை அளக்கும் புளோ சைற்றோமீற்றரில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. திரையில் அன்டிபொடி போட்ட கலங்களும் போடாத கலங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன, வித்தியாசமே இல்லை.

"மிஸ், அன்டிபொடி பழுதுபோல. வழியில வெக்கை பிடிச்சிருக்கும்" என்றாள். மற்றவர்களும் ஆமென்றார்கள். எங்கள் ஊர் வெயிலைக் குற்றம் சொல்வது இலகு. புதுக் குப்பி எடுப்பித்தார்கள். அதிலும் அதே முடிவு. காசும் போனது, கொழும்பில் கிடைத்த நேரமும் போனது.

இரண்டு குப்பியும் நல்ல குப்பிதான். ஈ.டி.ரி.ஏ கல்சியத்தைப் பிடுங்குகிறது, திரிப்சின் தளர்ந்த வெளிப்பகுதியை வெட்டி எறிகிறது. எச்.ஈ.சி.டி-1 பிடிப்பது அந்த வெளிப்பகுதியைத்தான். பிடிக்க அங்கே என்ன மிஞ்சும்? ஜப்பானின் மசதோஷி தகெய்ச்சி 1970களில் இந்த ஒட்டுப் புரதங்களை அடையாளம் கண்டதே இந்த வேறுபாட்டை வைத்துத்தான்: கல்சியம் இருந்தால் திரிப்சினுக்குத் தாக்குப்பிடிக்கும், இல்லாவிட்டால் வெட்டுப்படும். இவ்வளவு காலம் தெரிந்த ஒரு விஷயத்துக்காக ஒரு பிள்ளையின் உழைப்பு வீணாவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? திரிப்சினைத் தொடாமல் 2 மில்லிமோலர் ஈ.டி.ரி.ஏ மட்டும் ஊற்றி, பொறுமையாகக் காத்திருந்து, மெதுவாகப் பிப்பெற் பண்ணிக் கிளப்புங்கள். கிளப்பியதும் 1 மில்லிமோலர் கல்சியம் உள்ள கரைசலில் கழுவுங்கள். கல்சியம் திரும்பியதும் கலங்கள் மறுபடி ஒட்டப் பார்க்கும், அதனால் எல்லாவற்றையும் ஐஸில் வைத்து, கருவிக்குள் விடுமுன் 40 மைக்ரோமீற்றர் வலையில் வடியுங்கள். நிறமேற்றும் கரைசலின் செய்முறையையும் ஒருமுறை பாருங்கள். பல செய்முறைகளில் ஈ.டி.ரி.ஏ ஒளிந்திருக்கும். கழுவப் பயன்படும் பொஸ்பேற்று உப்புக் கரைசலான பி.பி.எஸ்ஸுக்குள் செறிவான கல்சியத்தை நேரே ஊற்றினால் வெள்ளையாகப் படியும். கல்சியம் சேர்த்தே வருவதை வாங்குவது நல்லது.

கலங்களைக் கரைத்துப் புரதத்தை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் புளொட் என்றால் கலங்களைக் கிளப்பவே வேண்டாம். தட்டை ஐஸில் வைத்து, அதிலேயே கரைத்துச் சுரண்டி எடுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்க ஏமாற்றமும் உண்டு. புரதத்தின் உள்வாலைப் பிடிக்கும் அன்டிபொடியை, கலமென்சவ்வைத் துளைத்துப் போட்டால், வெளிப்பகுதி வெட்டுப்பட்ட கலமும் ஒளிரும். அதைப் பார்த்து "மேற்பரப்பில் இருக்கிறது" என்று எழுதினால் அதுவும் பிழை.

அசைட் உள்ள குப்பியை உயிருள்ள கலத்துக்குப் போடுவது

டெக்மா-1 என்ற அன்டிபொடி சுண்டெலியின் ஈ-கட்ஹெரினுக்கு எதிராக எலியில் உருவாக்கியது. கலங்கள் ஒட்டுவதைத் தடுக்கவும் அதைப் பயன்படுத்துவார்கள். குப்பியில் கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் அசைட் இருந்தால் கலத்தின் சுவாசமே நின்றுபோகும். அப்புறம் கலங்கள் உதிர்வதைப் பார்த்து ஒட்டல் தடைப்பட்டது என்று நம்பிவிடுவீர்கள். அசைட் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பிட, வளர்ப்புத் தட்டின் பக்கத்துக் குழியில், எதையும் குறிவைக்காத அதே வகை எலி அன்டிபொடியை அதே அளவில் போடுங்கள்.

ஒப்பீட்டுக் கலம் இல்லாமல் முடிவு சொல்வது

ஈ-கட்ஹெரின் இருக்கும் கலத்துக்கு எம்.சி.எவ்-7. அது அநேகமாக இல்லாத கலத்துக்கு எம்.டி.ஏ-எம்.பி-231 என்ற இன்னொரு மார்பகப் புற்றுநோய்க் கலம். இரண்டும் ஒரே நாளில்.

அன்டிபொடியைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்குவது

சிறு பங்குகளாகப் பிரியுங்கள். கரண்ட் போனால் ஃபிரீசரைத் திறக்காதீர்கள். 4 பாகையில் வை என்று குப்பியில் எழுதியிருந்தால் ஃபிரீசருக்கே போகக் கூடாது.

குளோன் பெயரை எழுதாமல் விடுவது

"ஈ-கட்ஹெரின் அன்டிபொடி" என்று மட்டும் குறிப்பேட்டில் இருந்தால் வெளிப்பகுதியா உள்வாலா என்று யாரும் சொல்ல முடியாது. எச்.ஈ.சி.டி-1, டெக்மா-1 போன்ற குளோன் பெயர், குப்பியின் தயாரிப்புத் தொகுதியைக் காட்டும் லொட் இலக்கம், இரண்டும் வேண்டும்.