பழைய டீசல் பிக்கப்பில் இழுவை குறைந்தால்: பம்பில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

கிருஷ்ணகிரியில் தக்காளி ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பும் வண்டி. சூளகிரி ஏற்றத்தில் முன்பெல்லாம் மூன்றாம் கியரிலேயே ஏறும். இப்போது இரண்டாம் கியர் கேட்கிறது. இந்தப் புகாரோடு போனால் பல இடங்களில் முதலில் வரும் பதில், "பம்பு போயிருச்சு, இறக்கணும்" என்பதுதான். இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பதிலுக்கு உடனே தலையாட்டாதீர்கள். பழைய பிக்கப்பில் இழுவை போவதற்குக் காரணம் பெரும்பாலும் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும், இல்லையென்றால் ஏர் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும். இரண்டையும் சாதாரண ஸ்பேனர் செட்டோடு அரை நாளில் பார்த்துவிடலாம்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) இல்லாத இன்ஜின் சென்னையில் இழுத்த மாதிரி இங்கே இழுக்காது. அது பழுது அல்ல. அதே ரோடு, அதே லோடு, அதே கியர் என்று வைத்துத்தான் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று ஒப்பிட வேண்டும்.

குறை இன்ஜினில்தானா?

லோடோடு நான்காம் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அடுத்து, பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்தே இருக்கிறது. வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் திரும்பாமல் நிற்கும். கிளட்ச், பிரேக் இரண்டில் எதில் குறை இருந்தாலும் பம்பை எத்தனை முறை சர்வீஸ் செய்தாலும் இழுவை வராது.

பிறகு கேபிள். ஒருவர் பெடலை முழுக்க மிதிக்க, இன்னொருவர் பம்பில் இருக்கும் லிவரைப் பார்க்க வேண்டும். லிவர் கடைசி ஸ்டாப் ஸ்குரூவைத் தொட வேண்டும். கேபிள் நீண்டுபோயிருந்தாலும், பெடலுக்கு அடியில் மேட் மடிந்து கிடந்தாலும் லிவர் பாதியில் நின்றுவிடும். கேபிளை அட்ஜஸ்ட் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

புகையைப் பாருங்கள்

ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டரில் போகும்போது பின்னால் வரும் வண்டியிலிருந்து ஒருவர் புகையைப் பார்க்கட்டும். நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்ப்பது போதாது. கரும்புகை வந்தால் டீசல் போகிறது, காற்று போதவில்லை, அல்லது நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) டீசலைச் சரியாகப் பொடியாக்கவில்லை. இன்ஜின் சூடான பிறகும் வெண்புகை வந்தால் காரணம் டைமிங் (டீசலைப் பீய்ச்சும் நேரம்), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு), இல்லையென்றால் ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் இறங்குவது. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. புகையே இல்லாமல் வண்டி சோர்ந்து போனால் டீசல் போதவில்லை என்று அர்த்தம். அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். புகை சுத்தமாக இருப்பதால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள்.

புகை இல்லை, இழுவையும் இல்லை

முதலில் டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் அடி ஸ்குரூவைத் திறந்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். சுத்தமான டீசல் வரும்வரை விடுங்கள். டீசல் ஃபில்டர் மாற்றி எத்தனை கிலோமீட்டர் ஆனது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். பெங்களூரில் உதிரி பாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் வாங்கப் போகும்போது பழைய ஃபில்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்து, மரையும் ரப்பர் ரிங்கும் மாறும். மாட்டிய பிறகு ஏர் எடுக்கும் ஸ்குரூவை அரைச் சுற்று தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை (கையால் டீசல் ஏற்றும் சிறு பம்பு) அடியுங்கள். நுரை நின்று டீசல் மட்டும் வழியும்போதே ஸ்குரூவை இறுக்க வேண்டும்.

பம்புக்குள் போகும் ஹோஸுக்குப் பதிலாக ஒரு அடி நீளத்துக்குக் கண்ணாடி போன்ற டீசல் ஹோஸைத் தற்காலிகமாக மாட்டி, இன்ஜினை ஓடவிட்டுக் கவனியுங்கள். குமிழி தொடர்ந்து ஓடினால் எங்கோ காற்றை இழுக்கிறது. அந்த இடம் நனைந்திருக்க வேண்டிய அவசியமில்லை. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், திரும்பப் பயன்படுத்திய காப்பர் வாஷர் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள்.

பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு சோர்ந்து, ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் மறுபடி இழுக்கிறதா? அப்படியென்றால் டேங்கைச் சந்தேகப்படுங்கள். உள்ளே கிடக்கும் துருவும் கசடும் உறிஞ்சும் குழாயின் வலையில் ஒட்டிக்கொள்கின்றன. இன்ஜினை நிறுத்தினால் விழுந்துவிடுகின்றன. டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் பிரீதர் (டேங்குக்குள் காற்று போகும் துளை) அடைத்திருக்கிறது.

இதை உறுதி செய்ய ஒரு கேன் போதும். ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை ஊற்றி, லோடு பாடியின் முன்பக்கத்தில் அசையாமல் கயிறு போட்டுக் கட்டுங்கள். டேங்கிலிருந்து வரும் ஹோஸை டேங்க் முனையில் கழற்றி, அதை ஒரு புது ஹோஸ் மூலம் கேனோடு இணையுங்கள். ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குள் விட்டு, இரண்டிலும் கிளிப் போடுங்கள். ஹோஸ் எதுவும் சைலன்சர் பக்கம் போகக்கூடாது. ஆளில்லாத ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். இழுவை திரும்பிவிட்டால் குறை டேங்கில். திரும்பாவிட்டால் லிஃப்ட் பம்பு (டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி அனுப்பும் சிறு பம்பு), ஃபில்டர், அவற்றின் குழாய்கள் என்று முன்னோக்கிப் போங்கள். பம்பை இறக்கச் சம்மதிக்கும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

கரும்புகை

ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக்கூடாது. காற்றடிப்பதானால் உள்ளிருந்து வெளியே, 30 பி.எஸ்.ஐ.க்குள். டர்போ வண்டியை ஃபில்டர் இல்லாமல் ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒரு சிறு கல் போதும், இறக்கைகள் போய்விடும்.

டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களை கையால் வளைத்துப் பாருங்கள். அடிப்பக்க வெடிப்பு நின்ற வண்டியில் தெரியாது, லோடில் அழுத்தம் ஏறும்போதுதான் திறக்கும். வெடித்த இடத்தைச் சுற்றி எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருப்பாகப் படிந்திருக்கும். ஆறிய இன்ஜினில் டர்போ ஷாஃப்டைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் சகஜம். முன்பின்னாக ஆடினாலோ, இறக்கை உறையை உரசிய தடம் இருந்தாலோ டர்போவைக் கழற்ற வேண்டியதுதான். இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வு) உள்ள வண்டியில் அது திறந்தபடி சிக்கினாலும் இதே கரும்புகை வரும்.

இவை எல்லாம் சரியென்றால்

மெக்கானிக்கல் பம்பு வண்டியில், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது), நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்குங்கள். கண்ணாடி அணிந்துகொண்டு, நட்டின் மேல் துணியைப் போட்டுச் செய்யுங்கள். எந்த நட்டைத் தளர்த்தும்போது இன்ஜின் ஓட்டம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1000 பாரையும் தாண்டும்; பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதற்கு ஸ்கேனரும் இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவும்தான் வழி.

ஆயில் மூடியைத் திறந்து, தலைகீழாக அதே வாயில் வைத்து ஐடிலில் ஓடவிடுங்கள். புகையோடு மூடி குதித்துக் கீழே விழுந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். டேப்பட் இடைவெளியை (வால்வுகளுக்கு விடும் இடைவெளி) சரிபார்த்த பிறகு கம்ப்ரஷனைக் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கேஜில் வரும் எண்ணும் இந்த ஊரில் உயரத்தால் பத்து சதவீதம் போலக் குறைவாகவே காட்டும். அதனால் மேனுவல் எண்ணைவிட நான்கு சிலிண்டர்களுக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். மூன்று ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் நான்கைந்து பார் இறங்கியிருந்தால் அங்கேதான் வேலை.

கம்ப்ரஷனும் நன்றாக இருந்தால்தான் பம்பும் நாசிலும். நாசில்களை மட்டும் முதலில் டெஸ்ட் பெஞ்சில் போட்டு, திறக்கும் அழுத்தத்தையும் ஸ்பிரேயையும் உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். பம்பை இறக்கியே ஆக வேண்டுமென்றால், கழற்றும் முன் பம்பு ஃபிளேஞ்சுக்கும் இன்ஜினுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது அது கொஞ்சம் நகர்ந்தாலும் டைமிங் மாறும். பிந்தினால் வெண்புகையும் சோர்வும், முந்தினால் சுத்தியலால் அடிப்பது போன்ற நாக்கிங்.