குழந்தைகளை ஒப்படைக்கும் முன்: தனியார் ஒப்பந்த நிறுவனத்தின் தயார்நிலையைச் சோதிப்பது எப்படி

பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளை அரசுப் பொறுப்பில் வேறு குடும்பங்களிடம் வளர்ப்பதே வளர்ப்புப் பராமரிப்பு. அமெரிக்காவில் அதை மாநிலம் முழுக்கத் தனியாருக்கு முதலில் கொடுத்தது கான்சாஸ், 1996–97இல். நெப்ராஸ்கா மாநிலம் 2009இல் அவசரப்பட்டு இறங்கி, 2012க்குள் ஒமாஹா நகர வட்டாரம் தவிர மற்ற இடங்களில் வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஒப்பந்தம் கையெழுத்தானதற்கும் முதல் குழந்தையின் கோப்பு கைமாறுவதற்கும் இடைப்பட்ட மாதங்களில்தான், நிறுவனம் தயாரா என்று அரசுத் துறை பார்க்கும் இந்தச் சோதனை நடக்க வேண்டும்.

முதலில் பணம். அரசின் தொகை இரண்டு மாதம் தாமதமானாலும் சம்பளமும் வளர்ப்புப் பெற்றோருக்கான படியும் நிற்காமல் போக, வங்கியில் கையிருப்போ உறுதியான கடன் வசதியோ இருக்கிறதா? தணிக்கையான மூன்றாண்டுக் கணக்கை வாங்கிப் பாருங்கள். கான்சாஸில் குழந்தை எத்தனை மாதம் தங்கினாலும் ஒரே தொகை என்று ஆரம்பித்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் குழந்தைகள் அதிகநாள் தங்கியதால் நிறுவனங்கள் கடனில் விழுந்தன. ஏலத்தொகை மற்றவர்களைவிட மிகக் குறைவாக இருந்தால் மகிழ வேண்டாம், எந்தச் செலவை வெட்டியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் ஆள்பலம்தான். 2019இல் ஒமாஹா ஒப்பந்தத்தைப் பெற்ற நிறுவனம் போட்டியாளரைவிடச் சுமார் 40 சதவீதம் குறைத்துக் கேட்டிருந்தது. ஒவ்வோர் ஊழியரின் பொறுப்பிலும் இருந்த கேஸ்களின் எண்ணிக்கை சட்ட வரம்பைத் தாண்டியது, 2021 இறுதியில் ஒப்பந்தம் முறிந்தது.

ஊழியர் எண்ணிக்கைக்கு நிர்வாக வரைபடத்தை நம்பாதீர்கள். சம்பளப் பட்டியலைக் கேளுங்கள். பயிற்சி முடித்து இன்றே கேஸ் எடுக்கக்கூடியவர்களை மட்டும் எண்ணுங்கள். பயிற்சியில் இருப்பவருக்குப் பூஜ்யம். வரப்போகும் குழந்தைகளை அந்த எண்ணால் வகுத்து 15க்கு மேல் வந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். முதல் சில மாதங்களில் சிலர் விலகுவார்கள், அதையும் கழித்தே கணக்கிடுங்கள்.

வளர்ப்பு வீடுகள் விஷயத்தில்தான் காகிதம் அதிகம் ஏமாற்றும். நான்கு பேருக்கு உரிமம் பெற்ற வீடு, உண்மையில் ஒரு கைக்குழந்தையை மட்டுமே ஏற்கும். பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் முப்பது வீடுகளைப் பொறுக்கி நீங்களே போன் செய்யுங்கள்: இன்று எத்தனை இடம் காலி? பதின்வயதினரை எடுப்பீர்களா? உடன்பிறந்தவர்களைச் சேர்த்து வைப்பீர்களா? பிறகு வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு, முன்னறிவிப்பில்லாமல், நிறுவனத்துக்கு ஓர் ஒத்திகை அழைப்பு: 4, 9, 14 வயதில் மூன்று சகோதரர்கள், மூத்தவனுக்கு மனநல மருந்து. யார் போனை எடுக்கிறார்கள், எத்தனை வீட்டைக் கேட்கிறார்கள், மூவரையும் பிரிக்கிறார்களா என்று கடிகாரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். இதில் தோற்றால் நிஜத்தில் அந்தப் பிள்ளைகள் அலுவலகத் தரையில்தான் படுப்பார்கள். டெக்சஸில் 2021இல் அப்படித்தான் நடந்தது.

கணினிப் பதிவுக்கு, முடிந்துபோன பத்துக் கோப்புகளைக் கொடுத்து உள்ளிடச் சொல்லுங்கள். நீதிமன்றத் தேதியோ மாதாந்திரச் சந்திப்போ விடுபட்டால் மத்திய அரசின் நிதியும் சிக்கலாகும்.

இறுதி முடிவை ஒப்பந்தப் பிரிவு எடுக்கக் கூடாது, அறிவித்த தேதியைக் காப்பாற்றுவதே அவர்கள் கவலை. பணம், ஆள், வீடு மூன்றிலும் நிபந்தனையோடு தேர்ச்சி என்பதே கிடையாது. மற்ற குறைகளுக்கு முப்பது நாள் தரலாம். குழந்தைகளை மொத்தமாக அல்ல, தொகுதி தொகுதியாக மாற்றுங்கள். வேலையைத் திரும்ப எடுக்கத் தேவையான அரசு ஊழியர்களைக் குறைந்தது ஓராண்டு கலைக்காதீர்கள். தொண்ணூறாம் நாள் அதே சம்பளப் பட்டியலை மறுபடி கேளுங்கள்.