பெருக்குவதற்கு முன் ஒரு கேள்வி: சார்பிலா நிகழ்ச்சிகளும் சார்ந்த நிகழ்ச்சிகளும்

நிகழ்தகவுக் கணக்கில் "இரண்டும் நடக்க" என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாகப் பெருக்கத் தொடங்கிவிடும். பெருக்குவது சரிதான். எந்த எண்ணை எந்த எண்ணால் பெருக்குவது என்பதில்தான் சறுக்கல். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களும் அங்கே விழுவதைப் பார்க்கிறேன். அதனால் சூத்திரத்தைப் பிறகு எழுதுவோம், முதலில் கையால் செய்து பார்ப்போம்.

தேவையானவை: ஒரே அளவுள்ள சட்டைப் பட்டன்கள் நான்கு (வெள்ளை 2, கறுப்பு 2), ஒரு மஞ்சப்பை, நோட்டு, பேனா. வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தாயக்கட்டை

ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு பக்கம். ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். ஒரு கட்டையில் ஒன்றும் இன்னொன்றில் வெறுமையும் விழுந்தால் தாயம்.

முதல் கட்டை எப்படி விழுந்தது என்பது இரண்டாவது கட்டைக்குத் தெரியாது. 16 முறை உருட்டினால் சராசரியாக 4 முறை முதல் கட்டையில் ஒன்று விழும். அந்த 4 முறையில் கால் பங்கு, அதாவது 1 முறை, இரண்டாவதில் வெறுமை விழும். ஆக 16இல் 1. இதைத்தான் 1/4 × 1/4 = 1/16 என்று எழுதுகிறோம்; பெருக்கல் என்பது "பங்கில் பங்கு" எடுப்பது, வேறொன்றும் இல்லை. கட்டைகள் இடம் மாறி விழுந்தாலும் தாயம்தான் என்பதால் இன்னொரு 1/16ஐக் கூட்டினால், தாயம் விழும் நிகழ்தகவு 1/8.

இப்படி ஒன்றின் முடிவு மற்றதன் வாய்ப்பை மாற்றாவிட்டால் அவை சார்பிலா நிகழ்ச்சிகள்.

"பத்து தடவை போட்டாச்சு, தாயமே விழலை, இந்தத் தடவை விழுந்தே தீரும்" என்று ஆட்டத்தில் ஒருவராவது சொல்வார். பத்து முறையும் தாயம் விழாமல் போவதற்கான நிகழ்தகவு 7/8ஐப் பத்து முறை பெருக்கினால் வரும்: ஏறத்தாழ 0.26. நான்கு ஆட்டத்தில் ஒன்றில் இப்படி நடக்கும், அதிசயமே இல்லை. பதினோராவது உருட்டலில் தாயம் விழும் வாய்ப்போ அதே 1/8. கட்டைக்கு ஞாபகம் கிடையாது.

படி 2: மஞ்சப்பை

நான்கு பட்டன்களையும் பைக்குள் போட்டுக் குலுக்குங்கள். பார்க்காமல் ஒன்றை எடுத்து நிறத்தைக் குறித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். மறுபடி குலுக்கி இரண்டாவதை எடுங்கள். இரண்டும் வெள்ளையாக இருந்தால் ஒரு கோடு போடுங்கள். இப்படி 60 முறை.

அடுத்து அதே வேலை, ஒரே ஒரு மாற்றத்தோடு: முதல் பட்டனைத் திரும்பப் போடாமல் இரண்டாவதை எடுங்கள். இதுவும் 60 முறை. சலிப்பாக இருக்கும்தான், ஆனாலும் பொறுமையாகச் செய்யுங்கள். கை எண்ணியதை மனம் மறக்காது.

முதல் வகையில் 2/4 × 2/4 = 1/4. எனவே 60இல் 15 கோடுகளை ஒட்டி வரும். இரண்டாவது வகையில், வெள்ளை ஒன்று வெளியே வந்துவிட்டால் பையில் மீதி மூன்று பட்டன், அதில் வெள்ளை ஒன்றுதான். ஆகவே 2/4 × 1/3 = 1/6, அதாவது 60இல் 10 கோடுகளை ஒட்டி வரும். உங்களுக்கு 12 அல்லது 8 வந்தாலும் தவறில்லை, இன்னும் கூடுதல் முறை செய்யச் செய்ய விகிதம் கணக்கை நெருங்கும்.

இரண்டாவது வகை சார்ந்த நிகழ்ச்சிகள். பெருக்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: முதலாவது நடந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, இரண்டாவதன் வாய்ப்பு மாறுகிறதா?

படி 3: சூத்திரம்

இரண்டும் நடக்கும் நிகழ்தகவு = முதலாவதன் நிகழ்தகவு × முதலாவது நடந்தபின் இரண்டாவதன் நிகழ்தகவு.

எல்லாக் கணக்குக்கும் இது ஒன்றே போதும். பெருக்கலில் இரண்டாவதாக நிற்பதற்கு நிபந்தனை நிகழ்தகவு என்று பெயர். சார்பிலா நிகழ்ச்சிகளில் நிபந்தனையால் எதுவும் மாறாது என்பதால் அங்கே இரண்டாவதன் சாதாரண நிகழ்தகவையே போட்டுவிடலாம்.

இங்கே ஒரு நுட்பம். திரும்பப் போடாமல் எடுக்கும்போது, முதல் பட்டனை நீங்கள் பார்க்கவே இல்லை என்றால் இரண்டாவது வெள்ளையாக இருக்கும் நிகழ்தகவு என்ன? முதலாவது வெள்ளை என்றால் 1/2 × 1/3, கறுப்பு என்றால் 1/2 × 2/3. கூட்டினால் 1/2. மாறவே இல்லை! முதல் நிறம் தெரிந்தால்தான் அது 1/3 ஆகவோ 2/3 ஆகவோ மாறுகிறது. சார்பு என்பது ஒன்றைப் பற்றிய தகவல் மற்றதைப் பற்றி நமக்கு ஏதாவது சொல்கிறதா என்பதுதான்.

படி 4: பெயர்க் குழப்பம்

"ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்" என்பதையும் "சார்பிலா" என்பதையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். ஒரே நாணயத்தை ஒருமுறை சுண்டினால் தலையும் பூவும் ஒன்றையொன்று விலக்கும். தலை விழுந்தது தெரிந்தால் பூவின் வாய்ப்பு பூஜ்யம் ஆகிவிடுகிறது. இதைவிட இறுக்கமான சார்பு கிடையாது.

இந்தக் கேள்வியைக் கேட்காததால் ஒரு தாய் சிறையில் இருந்தார்

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் கைக்குழந்தைகள் இருவர் அடுத்தடுத்து இறந்தனர். அவர்மீது கொலை வழக்கு, 1999இல் விசாரணை. அவர்களைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறக்கும் வாய்ப்பு 8,543இல் 1 என்று மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். இரண்டு குழந்தைகளுக்கு அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, ஏறத்தாழ 7.3 கோடியில் 1 என்றார்.

நம் கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். ஒரே தாய் தந்தை, ஒரே மரபணுப் பின்னணி, ஒரே வீடு. முதல் குழந்தை அப்படி இறந்தது தெரிந்தபின் இரண்டாவதுக்கு உள்ள ஆபத்து பழைய 8,543இல் 1 ஆகவே இருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்? அது மஞ்சப்பைக் கணக்கைத் தாயக்கட்டைக் கணக்காகப் போட்டது. அந்த எண்ணுக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று ராயல் புள்ளியியல் கழகம் 2001இல் வெளிப்படையாக அறிவித்தது. மறைக்கப்பட்டிருந்த மருத்துவப் பரிசோதனை முடிவுகளும் வெளிவந்த பிறகு, 2003 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அதற்குள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் கழித்திருந்தார். இதைப் படித்த நாளிலிருந்து, காரணம் எழுதாமல் பெருக்கும் விடைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பதில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

பையில் வெள்ளை 3, கறுப்பு 2. இரண்டு பட்டன் எடுத்தால் இரண்டும் ஒரே நிறமாக இருக்கும் நிகழ்தகவு என்ன? திரும்பப் போட்டும் போடாமலும் இரண்டு விதமாகக் கணக்கிடுங்கள்.

விடை: திரும்பப் போட்டால் 9/25 + 4/25 = 13/25. போடாவிட்டால் 6/20 + 2/20 = 2/5. இரண்டாவதில் 10/20 வந்திருந்தால், கறுப்பு எடுத்தபின் பையில் எத்தனை கறுப்பு மிச்சம் என்று மறுபடி எண்ணிப் பாருங்கள்.