இடப்பக்கம் திரும்ப மறுத்த குதிரை

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய குஜராத்தின் கத்தியவாரி இனக் குதிரை இது. இடப்பக்கம் வட்டமடிக்கும்போது மட்டும் கழுத்தை விறைத்துக்கொண்டது. கால்நடை மருத்துவர் பல்லையும் முதுகையும் சோதித்து, காயமில்லை, தசை இறுக்கம்தான் என்றார். அதன் பிறகே பயிற்சியைத் தொடங்கினேன்.

முதலில் 10 நிமிடம் நடை. உடம்பு சூடாகாமல் தசையை நீட்டவே கூடாது. வலப்பக்கம் சுவர் இருக்கும்படி நிறுத்தினால் பின்பாகம் நழுவாது. இடது விலாவுக்கு நேராகக் கேரட்டைக் காட்டுவேன். காலை நகர்த்தாமல் கழுத்தை வளைத்து அது எட்ட வேண்டும். 5 நொடி அப்படியே இருந்த பிறகுதான் கேரட் வாய்க்குப் போகும். உடனே கொடுத்தால் வெடுக்கென்று பறித்துக்கொண்டு நிமிர்ந்துவிடும், பயனே இல்லை. முன்னங்கால்களுக்கு நடுவே தாழ்த்திக் காட்டினால் முதுகு மேலெழுவது கண்ணுக்கே தெரியும். எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இதுதான். கேரட் இல்லாத நாளில் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கொழுக்கட்டைப்புல் ஒரு பிடி போதும்.

முன்னங்காலைத் தாங்கி மெல்ல முன்னே நீட்டுவதும் உண்டு. வெட்டி இழுக்க மாட்டேன். தோள் தானாகத் தளரும்வரை காத்திருப்பேன். காதைப் பின்னே மடக்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுவேன்.

இப்போது இடப்பக்க வட்டத்திலும் கழுத்து இளகி வளைகிறது. வலப்பக்கத்துக்கும் அதே பயிற்சியைக் கொடுத்துவருகிறேன்.