நீரில் பாதரசம்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் ஏரி நீரில் பாதரசம் வரம்புக்குள் இருப்பதாக அறிக்கை வந்தவுடன் அந்த ஏரியால் ஆபத்தில்லை என்று முடிவு கட்டிவிடுவதே இத்துறையில் மிகப் பரவலான தவறு. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் கனிமப் பாதரசத்துக்கு வகுத்துள்ள லிட்டருக்கு 6 மைக்ரோகிராம் என்ற வரம்பு நீரைக் குடிப்பவரைக் கருதியது. அந்நீரில் வளரும் மீனை உண்பவரைக் கருதியது அன்று. ஆக்சிஜன் இல்லாத அடிவண்டலில் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் முதலிய நுண்ணுயிரிகள் கனிமப் பாதரசத்தை, உயிர்களின் உடலில் எளிதில் சேரும் கரிம நச்சான மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மிதவை உயிரிகள், சிறு மீன்கள், அவற்றை இரையாக்கும் பெரிய மீன்கள் என்று படிப்படியாகச் செறியும் அந்த நஞ்சு, இறுதியில் நீரில் உள்ளதைப்போல் பத்து லட்சம் மடங்கையும் எட்டக்கூடும். எனவே மீனையும் வண்டலையும் விட்டுவிட்டு நீரை மட்டும் அளக்கும் ஆய்வைப் பாதி ஆய்வு என்றே சொல்வேன்.

நுண்ணுயிரிகள் செய்யும் இந்த மாற்றத்துக்குச் சான்றாகப் பலர், மீன்வழி வந்த பாதரச நஞ்சால் மக்கள் நோயுற்ற ஜப்பானின் மினமாட்டா நகரைக் காட்டுவதும் பிழையே. 1956இல் அந்நோய் அதிகாரபூர்வமாகப் பதிவான அங்கு, ஒரு வேதி ஆலையில் அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளின் தயாரிப்பின்போதே மெத்தில் பாதரசம் உருவாகி, 1968 வரை ஆலைக் கழிவோடு வெளியேறியது.

மாதிரி எடுப்பதில் நேரும் தவறுகள் இன்னும் நுட்பமானவை. இயற்கை நீரில் பாதரசம் பெரும்பாலும் லிட்டருக்குச் சில நானோகிராம் அளவிலேயே இருப்பதால், மாதிரி எடுப்பவரின் பல்லில் பாதரசக் கலவை அடைப்பு இருந்தால் அவர் விடும் மூச்சுக்கூடத் திறந்த புட்டியைக் கெடுத்துவிடும். ஒருவர் புட்டியை மட்டும் தொட, மற்றவர் ஏனைய கருவிகளைக் கையாளும் முறை இதனால்தான் வழக்கத்துக்கு வந்தது. பாலிஎத்திலீன் புட்டியின் சுவர் வழியே பாதரச ஆவி கசியக்கூடும் என்பதால் ஃபுளோரோபாலிமர் (டெஃப்லான் போன்ற நெகிழி) அல்லது போரோசிலிக்கேட் கண்ணாடிப் புட்டியே ஏற்றது. களத்துக்கு எடுத்துச் சென்று திரும்பிய வெற்று மாதிரியின் (வழியில் கலந்த மாசை அறிய உதவும் தூய நீரின்) பாதரச அளவைத் தராத அறிக்கையை நம்புவது கடினம்.

மனிதரிடம் அளக்கும்போது சிறுநீரை மட்டும் நம்பக்கூடாது. அது கனிமப் பாதரசத்தையும் உள்ளிழுத்த ஆவியையும் காட்டும். மீன்வழி வந்த மெத்தில் பாதரசத்தைத் தலைமுடியும் இரத்தமும்தான் காட்டும். தோலையும் கொழுப்பையும் அகற்றினால் மீனிலுள்ள நஞ்சு நீங்கும் என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை. அது தசைப் புரதத்தோடு பிணைந்திருப்பதால் சமைத்தாலும் போகாது.

ஒரே ஆய்வைக்கொண்டு தீர்ப்புச் சொல்வதும் தவறு. கருவிலேயே மெத்தில் பாதரசத்துக்கு ஆளான குழந்தைகளிடம் நரம்புசார் திறன்களில் நுண்ணிய குறைபாடுகளை வட அட்லாண்டிக்கிலுள்ள ஃபாரோ தீவுகளின் ஆய்வு கண்டது; இந்தியப் பெருங்கடலிலுள்ள செஷல்ஸ் தீவுகளின் ஆய்வில் அத்தகைய தெளிவான தொடர்பு புலப்படவில்லை. ஃபாரோவில் பாதரசம் பெரும்பாலும் பைலட் திமிங்கல இறைச்சியிலிருந்து வந்தது, அத்திமிங்கலத்தின் கொழுப்பில் பிசிபி எனப்படும் குளோரின் கலந்த தொழில்துறை நச்சுகளும் இருந்தன. செஷல்ஸிலோ கடல் மீன் அன்றாட உணவு, அதன் ஊட்டச்சத்துகள் தீங்கை ஓரளவு மறைத்திருக்கலாம். இவற்றைக் கணக்கில் கொள்ளாமல் ஒன்றை மற்றொன்றுக்கு மறுப்பாக நிறுத்துவது முறையாகாது.