எஞ்சின் பூட்டிய சைக்கிளில் செயின் தொய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரண சைக்கிளில் சின்ன டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பூட்டிக்கொண்டு என்னிடம் வரும் பையன்களில் முக்கால்வாசிப் பேர் சொல்லும் குறை ஒன்றுதான்: "அண்ணே, செயின் நிக்கவே மாட்டேங்குது." எண்ணெய் விடாதது, நட்டை இறுக்க மறந்தது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டாலே அவை புத்தியில் ஏறிவிடும். ஸ்பெனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் செய்யும் தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

ஓரிடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு டென்ஷனரை ஏற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. செயினை ஓரிடத்தில் தொடுகிறார்கள், தொங்குகிறது. உடனே டென்ஷனரை, அதாவது செயினைக் கீழிருந்து தாங்கித் தொய்வை எடுக்கும் உருளைப் பிடியை, தளர்த்தி, உருளையை மேலே தள்ளி இறுக்கிவிடுகிறார்கள். சக்கரத்தை அரைச் சுற்றுத் திருப்பியிருந்தால் அதே செயின் விறைத்து நிற்பதைக் கண்டிருப்பார்கள்.

ஓரிடத்தில் இறுக்கம், இன்னோரிடத்தில் தொய்வு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பின் சக்கரத்துப் பெரிய ஸ்ப்ரொக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை. அது நடுவில் உட்காரவில்லை. வழக்கமான எஞ்சின் கிட்களில் 44 பல் ஸ்ப்ரொக்கெட் நேராக ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) ஏறுவதில்லை. சக்கரக் கம்பிகளின் இரு புறமும் ரப்பர் வட்டு வைத்து 9 போல்ட்டால் நெருக்குகிறார்கள். ஸ்ப்ரொக்கெட்டின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் அது எந்தப் பக்கமும் சற்று நகர்ந்து உட்கார்ந்துவிடும்.

அந்த நிலையில் டென்ஷனரை ஏற்றினால், இறுக்கமான இடம் வரும்போதெல்லாம் செயின் உருளையைத் தள்ளும். டென்ஷனர் நிற்பதோ ஃபிரேம் குழாயைக் கவ்விய ஒரு பிடியில். குழாய் பின்னால் போகப்போகக் குறுகும். பிடி மெல்ல நழுவி உள்பக்கம் திரும்பினால் உருளை நேராகக் கம்பிகளுக்குள் போகும்.

மலைநாட்டில் இது இன்னும் மோசம். ஏற்றத்தில் எஞ்சின் இழுக்கும்போது செயினின் மேல் பக்கம்தான் விறைக்கும், டென்ஷனர் தாங்கும் கீழ்ப் பக்கம் சும்மா இருக்கும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்கும்போது நிலைமை தலைகீழ். கீழ்ப் பக்கம் விறைத்து நேராக நிற்க முயல்கிறது; குறுக்கே நிற்கும் உருளை அத்தனை விசையையும் வாங்குகிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், கண்டி ஏறத்தாழ 500. ரம்பொடை வழியாக இறங்குகிறவனுக்கு வளைவுக்கு வளைவு இதே கதைதான். சமதரையில் மாதக்கணக்கில் தாங்கும் பிடி இங்கே ஒரே இறக்கத்தில் திரும்பிவிடலாம். (இன்னொன்று: டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் எண்ணெயும் உள்ளே போகிறது; ஆக்சிலேட்டரை விட்டால் அதுவும் குறையும். நீண்ட இறக்கத்தில் இடையிடையே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருப்பிவிடுங்கள்.)

லிந்துலைப் பக்கத்துப் பையன் ஒருவன் தன் சைக்கிளைத் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு வந்தான். உருளை கம்பிகளுக்கு நடுவே செருகிக்கொண்டு நின்றது. நாலைந்து கம்பி அறுந்து, ரிம் நெளிந்து, அவன் முழங்கை தோலுரிந்திருந்தது. பின்னால் பஸ் வராதது அவன் அதிர்ஷ்டம். "நேத்துத்தானே அண்ணே டைட் பண்ணினேன்" என்றான். டைட் பண்ணியதுதான் காரணம் என்றால் நம்பவில்லை. கம்பிகளை மாற்றிய பிறகு சக்கரத்தைச் சுற்றிக் காட்டினேன். பற்கள் ஒரு பக்கம் சாக்பீஸை உரசின, மறு பக்கம் விலகிப் போயின. அதற்குப் பிறகு அவன் ஒன்றும் பேசவில்லை.

நீங்களும் அப்படியே பாருங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, எஞ்சின் செயினைக் கழற்றுங்கள். சாக்பீஸை ஃபிரேமோடு அணைத்து, பல் நுனிக்கு அருகே பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். உரசும் இடத்தில் அடையாளம் விழும். போல்ட்களைக் கொஞ்சம் தளர்த்தி, அடையாளம் விழுந்த பக்கத்தை மரக்கட்டையால் உள்நோக்கி மெல்லத் தட்டுங்கள். பிறகு ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். வரிசையாக இறுக்கினால் ரப்பர் ஒரு பக்கம் நசுங்கி ஸ்ப்ரொக்கெட் சாய்ந்துவிடும், பக்கவாட்டு ஆட்டம் வரும். நேரம் பிடிக்கும் வேலைதான். அவசரம் என்றால் இன்னொரு நாள் செய்யுங்கள்.

அது முடிந்த பிறகுதான் தொய்வை அளக்க வேண்டும். செயினை மாட்டி, சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே நடுப்பகுதி ஏறி இறங்குவது சுமார் 12 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதற்குமேல் இறுக்கினால் பேரிங்தான் தேயும்.

இரண்டு செயினையும் அச்சை இழுத்தே சரிசெய்வது

வலப்பக்கம் பெடல் செயின், இடப்பக்கம் எஞ்சின் செயின். பின் அச்சை இழுத்தால் இரண்டுமே இறுகும். அதனால் அச்சை நகர்த்திப் பெடல் செயினை முதலில் சரிசெய்துவிட்டு, சக்கரம் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் எஞ்சின் செயினில் கண்ணியைக் குறைத்து நீளத்தைச் சரியாக்குங்கள். மிச்சமிருக்கும் கொஞ்சத் தொய்வுக்குத்தான் டென்ஷனர்.

கிளிப்பைத் திருப்பிப் போடுவது

செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணியில் ஒரு கிளிப் இருக்கும். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

கிரீஸ் அப்புவது

வேண்டாம். தோட்டத்து ரோட்டு மண் அதில் ஒட்டி, செயினையும் பல்லையும் அராவிவிடும்.

புதுச் செயினை ஒருமுறை பார்த்து விட்டுவிடுவது

புதுச் செயின் ஆரம்பத்தில் கொஞ்சம் நீளும். முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் ஆறியதும் மறுபடி அளந்து பாருங்கள். அடுத்த சில ஓட்டங்களுக்கும் அப்படியே. டென்ஷனரின் பிடி, ஃபிரேம் குழாய் இரண்டின் குறுக்கேயும் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் பிடி திரும்பியிருக்கிறது, அன்றைக்குச் சைக்கிளை எடுக்காதீர்கள்.