சென்னை டூ சிங்கப்பூர்: தூரமும் நேரமும் நீங்களே கணக்குப் போடலாம்

சென்னையில் இரவு 11.15-க்குக் கிளம்பி சிங்கப்பூரில் காலை 6 மணிக்கு இறங்கும் என்று டிக்கெட்டில் போட்டிருந்தால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு "ஆறே முக்கால் மணி நேரமா!" என்று மலைக்காதீர்கள். எங்கள் பெரியப்பா முதல் தடவை இப்படித்தான் கணக்குப் போட்டு, நடுவில் பசிக்குமே என்று இரண்டு பொட்டலம் புளியோதரை கட்டச் சொன்னார். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட 2.30 மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதைக் கழித்தால் 4.15 மணி நேரம்தான். திரும்பி வரும்போது இதே 2.30-ஐக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் ஏதோ ஒன்றரை மணி நேரத்தில் மீனம்பாக்கம் வந்துவிடுகிற மாதிரி தெரியும்.

அப்புறம் தூரம். கம்ப்யூட்டரில் கூகுள் மேப்பைத் திறந்து, மீனம்பாக்கத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் தூரத்தை அளக்கும் வசதி வரும். அதைத் தேர்ந்தெடுத்து சாங்கி விமான நிலையத்தில் ஒரு கிளிக், அவ்வளவுதான், சுமார் 2,900 கி.மீ. என்று காட்டும். சில தளங்கள் 1,580-க்குப் பக்கத்தில் ஒரு எண்ணைக் காட்டும். குழம்ப வேண்டாம், அது கடல் மைல், 1.852-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் ஆகிவிடும். தூரமான ஊர்களுக்குக் கோடு வளைந்துதான் வரும், பூமி உருண்டை அல்லவா. லண்டன்–லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டுப் பாருங்கள், கிரீன்லாந்து வழியாகப் போகும்.

சரி, நேரம். ஜெட் விமானம் உயரத்துக்குப் போனபின் மணிக்கு 850 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,900-ஐ வகுத்தால் ஏறக்குறைய 3 மணி 25 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால் ஒரு அரை மணி சேர்த்தால் 4 மணி நேரத்தைத் தொட்டுவிடும். டிக்கெட்டில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம், விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை எல்லாவற்றையும் சேர்த்துப் போடுகிறார்கள், ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்து நிற்பது உட்பட.

குட்டிப் பயணங்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. சென்னை–மதுரை வான்வழியில் 420 கி.மீ.தான், வகுத்தால் அரை மணி வரும், ஆனால் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து யாரும் கொண்டுபோய் விடுவதில்லை. அதிலும் விசிறி வைத்த ஏடிஆர் என்கிற சின்ன விமானம் என்றால் வேகமே 500 சொச்சம்தான்.

காற்றையும் மறக்காதீர்கள். ஒரே 5,500 கி.மீ., நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 7 மணி நேரம், திரும்பிப் போக 8, மேற்கிலிருந்து அடிக்கும் ஜெட் காற்றுதான் காரணம். அழைத்துவர ஏர்போர்ட் போகிறவர்கள் இந்தக் கணக்கையெல்லாம் நம்பாமல், விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் அந்த விமான எண்ணைப் போட்டு, போன வாரம் முழுக்க எத்தனை மணிக்கு இறங்கியது என்று பார்த்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.